மைனர் காலைத் தூக்கும் இடங்கள்

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது தடவை. இந்த முறை புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு. அகராதியில் 'ப' வரிசை முழுக்க ஈரம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தவனைப் போல எங்கள் நாய் மைனர் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். ஆறு வயது. குட்டியாக வந்த முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. கதவைச் சுரண்டிவிட்டுக் காத்திருக்கிற பிள்ளை. என்ன ஆயிற்று?

அப்பா ஷூ கம்பெனியில் முப்பது வருடம் தரம் பார்த்தவர். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை. குறையுள்ள ஷூவில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துவந்து, வாசல், கட்டில் கால், அலமாரி என மூன்று இடத்திலும் ஒட்டிவிட்டார். "குறைன்னா காரணம் எழுதணும். காரணம் இல்லன்னா ரிஜெக்ட்."

இன்று கணியம்பாடி போனேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

சரி, எழுதுகிறேன். இந்த நோட்டுக்கு மட்டும். வசந்த். நர்சரி வைத்திருக்கிறார். மார்ச்சில் எங்கள் கம்பெனி வாசலில் புங்கன் கன்று நட வந்தவர். செவ்வாயும் சனியும் பார்க்கிறோம். வீட்டில் அதற்குப் பெயர் லைப்ரரி.

ஜூலை 9

நான்காவது: சோபாக் கால். நான்காவது அம்பு.

ஜூலை 10, வியாழன்

லீவு போட்டு மைனரை மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிறுநீர் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். வீடெல்லாம் தாராளமாகக் கொடுத்த மகராசன் இன்றைக்குப் பார்த்துக் கஞ்சனாகிவிட்டான். குழம்புக் கரண்டியை நீட்டிக்கொண்டு தெரு முழுக்க அவன் பின்னால் குனிந்தே நடந்தேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டே பார்த்தார்.

அம்மா: "அந்தக் கரண்டிய இனிமே அடுப்பாண்ட கொண்டாந்த, உனக்கு அதுலதான் சோறு."

நோய் எதுவும் இல்லையாம். கல் இல்லை, சர்க்கரை இல்லை. "கொஞ்சமா விடறான், காலத் தூக்கி விடறான். இது என் எடம்னு அடையாளம் போடறான்மா," என்றார் டாக்டரம்மா. "வீட்டுக்குப் புதுசா யாராச்சும் வந்தாங்களா? கொழந்த? வேற நாய்?"

"யாருமே வரல மேடம்."

உண்மைதானே.

ஜூலை 11, வெள்ளி

என் புதிய கண்டுபிடிப்பு: தோல்! மாதிரித் தோல்களுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. துண்டுகள் எப்போதும் என் பையில் கிடக்கும். அந்த வாசனைதான் இவனை உசுப்புகிறது. கூடத்தில் ஆடு, செம்மறி, மாடு, எருமை என்று நான்கையும் வரிசையாகப் பரப்பி, நோட்டும் பேனாவுமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

மைனர் நான்கையும் முகர்ந்தான். செம்மறிமேல் படுத்துக் குறட்டை விட்டான்.

"ஊரே தோல் வாசனதான்," என்றாள் அம்மா. "ஆறு வருசமா அவனுக்கு மூக்கு அடச்சிருந்திச்சா?"

ஜூலை 12, சனி

முதலில் நல்லதை எழுதுகிறேன். நர்சரியில் தண்ணீர் தெளித்த மண். நான் கல்மேல் உட்கார்ந்தேன். பஞ்சு வழக்கம்போல என் பைமேல் தலையை வைத்துத் தூங்கிப்போனது. ஜூனில் பஸ் ஸ்டாண்டில் அநாதையாக நின்ற வெள்ளைப் பெட்டை நாய். வசந்த் தூக்கி வந்துவிட்டார்.

"நீங்க வந்தாதான் இது தூங்குது. மத்த நாளெல்லாம் தொட்டியத் தோண்டிக்கினே இருக்குது," என்றார்.

"நீங்க?"

"நானுந்தான் தொட்டி தோண்டறேன்."

இதற்கு எதற்கு அப்படிச் சிரித்தேன்? பஸ்ஸில் தனியாகவும் சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

இப்போது கெட்டது. பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். பக்கத்தில் ஆம்பூர்க் கல்யாணத்துக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த அப்பாவின் பட்டு வேட்டி. மைனர் ஏறி—

அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம். காரணம் கெடச்சா இருக்கட்டும். இல்லன்னா ஒடுகத்தூர்ல அக்கா நெலத்துல கட்டிடலாம். வேர்க்கடலைக்குக் காவலா இருப்பான்."

இவனா காவல்? இடி இடிச்சா என் போர்வைக்குள்ள வர்றவன். சங்கிலின்னா இன்னான்னே தெரியாதே இவனுக்கு.

ஜூலை 14, திங்கள்

முபஷ்ஷிரா என் பக்கத்து மேஜை. தோலில் குறை பார்ப்பவள். கேண்டீனில் என் பை வாரிலிருந்து எதையோ இரண்டு விரலால் உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏய் பாரதி, உங்க நாய் கறுப்புன்ன இல்ல?"

"ஆமா."

"அப்ப இது யார் ஊட்டு நாய்?"

வெள்ளை முடி.

"முறைக்காத. முடி கண்டுபுடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்றாள். என் முகம் என்ன ஆயிற்றோ, "யா அல்லா, நாய் மட்டும் இல்ல போலக்கீதே!" என்று மேஜையைத் தட்டினாள்.

வாசல், கட்டில் கால், அலமாரி, சோபா, வேட்டி. எல்லாம் நான் பையைப் போட்ட இடங்கள்! செவ்வாயும் சனியும் ஒரு பெண்நாயின் வாசனையை நானே சுமந்துவந்து வீடெங்கும் வைத்துவிட்டு, கரண்டியோடு துப்பறிந்திருக்கிறேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

கணியம்பாடி போகவில்லை. பையைச் சோப்புப் போட்டுத் துவைத்து ஆணியில் மாட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

மூன்று நாளாகத் தரை காய்ந்திருக்கிறது. "நின்னுடுச்சுப்பா," என்றேன்.

"காரணம்?"

"தானா நின்னுடுச்சு."

"தானா நின்னது தானா வரும். ஞாயித்துக்கிழம காலைல வண்டி சொல்லிட்டேன்."

காரணம் என் ஆணியில் தொங்குகிறது. சொன்னால் கணியம்பாடி போய்விடுமோ? சொல்லாவிட்டால் மைனர் போய்விடுவான். அவன் என்ன தப்பு செய்தான்? இந்த வீட்டில் உண்மையைச் சொன்னது அவன் ஒருவன்தான்.

ஜூலை 19, சனி

அப்பாவிடம் ஒரு அம்பு கேட்டு வாங்கினேன். அவர் பார்க்கப் பார்க்க என் பைமேல் ஒட்டினேன்.

"இன்னா இது?"

"காரணம். இதுல இன்னொரு நாய் வாசன இருந்திச்சுப்பா."

"யார் நாய்?"

"வசந்த்துன்னு... ஒருத்தரோடது."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "லைப்ரரில நாய்கூட வளக்கறாங்களா?"

முழுக்கச் சொன்னேன். மைனர் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான். அப்பா அம்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு வண்டிக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

"அந்தப் புள்ளய நாளைக்கு வரச் சொல்லு. நாயையும்."

ஜூலை 20, ஞாயிறு

பஞ்சு உள்ளே நுழைந்தது. மைனர் இரண்டு சுற்றுச் சுற்றினான். நேராக வசந்த்திடம் போனான். காலைத் தூக்கினான். ஷூ நனைந்தது. வசந்த் அசையவில்லை.

"பரவால்ல சார். எங்க கன்னுங்களுக்கும் தெனம் இதேதான்."

அப்பா அந்த ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கினார்! திருப்பி, வளைத்து, அழுத்திப் பார்த்தார். "ஒட்டினது சரியில்ல. ஆனா அடி நல்ல அடி." யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா டீ கொடுத்தாள், சிரிக்காமல். வசந்த் போன பிறகு அப்பா, "யோசிக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 26, சனி

அம்புகளை அப்பா உரித்துவிட்டார். நான் மதியம் செருப்பு மாட்டும்போது அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்:

"லைப்ரரில கறிவேப்பிலக் கன்னு இருந்தா ஒண்ணு வாங்கிட்டு வா. மைனரையும் இட்டுக்கினு போ."