தம்பினிலிருந்து தட்டியவனுக்கு

பேத்தி இரண்டு வாரமாக மடிக்கணினியில் யாரோ ஒரு பையனோடு படிக்கிறாள். அவளுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும், அவனுக்கும் அப்படித்தானாம். முகம் தெரியாதவன் சும்மா உதவுவானா? கதவோரம் நாற்காலி போட்டு ஒட்டுக் கேட்டேன். "அவசரமில்ல, எனக்கும் இது கஷ்டம்தான்" என்றான். நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். நான் காஜா பெராங் ஊரில் ஒரு லாரி ஷெட்டில் சீட்டு எழுதும் புதுக் கிராணி. நீ தம்பின் ரயில் நிலையச் சரக்குக் கொட்டகையில். இருவருக்கும் பதினெட்டு வயது, பார்த்துக்கொண்டதே இல்லை. நீ தொலைபேசியில் சொல்லும் லாரி எண்ணை நான் சீட்டில் எழுத வேண்டும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம்; எண் பிசகினால் சோதனைச் சாவடியில் லாரி நின்றுவிடும். எனக்கோ 36 எழுதினால் 63 ஆகிவிடும். மூன்றாவது லாரி மாட்டிய அன்று நீயே கேட்டாய்.

"நம்பரு திரும்பிக்குதா? எனக்கும்தான் லா. நான் தட்டுறத எண்ணி ஒன்னொன்னா எழுது. எழுதினத திருப்பித் தட்டிக் காட்டு."

பென்சிலால் தட்டினாய். மூன்று, சற்று நிறுத்தி ஆறு. சுழியத்துக்கு நகத்தால் ஒரு கீறல்.

அதன்பிறகு ஒரு லாரியும் நிற்கவில்லை. அப்போதும் நான் உன்னை நம்பவில்லை. என் குறையைத் தெரிந்துகொண்டு, என் வேலைக்கு உன் மச்சான் எவனையோ தயார் செய்கிறாய் என்றே நினைத்தேன்.

ஒருநாள் மேனேஜர் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தார். "என்னடா தட்டுற சத்தம்? யாருக்கு சிக்னல் கொடுக்குறீங்க?" அந்த நாளில் அந்தக் கேள்வி போலீஸ் வரை போகும். எனக்கு எண் புரளும், அவன் உதவுகிறான் என்று சொன்னால் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"எனக்குத் தெரியாது சார். அவன்தான் தட்டுறான்."

மறுவாரம் தம்பினில் வேறு குரல். உன்னை இரண்டு நாள் விசாரித்தார்களாம், வேலையும் போனதாம். லாரி டிரைவர் வந்து சொன்னார். கெட்ட பழக்கம் சார், கை சும்மா இருக்காது என்றே சாதித்தாயாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓய்வு பெறும்வரை நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

போன மாதம் பத்திரிகையில் நீ காலமான செய்தி வந்தது. நேற்று பேத்தியிடம் முதன்முதலாகச் சொன்னேன்: "தாத்தாவுக்கும் எழுத்து புரளும்மா."

"இவ்ளோ நாளா ஏன் தாத்தா சொல்லல?"

பதில் சொல்வதென்றால் உன்னைக் காட்டிக்கொடுத்ததிலிருந்து தொடங்க வேண்டும். நான் இன்னும் தொடங்கவில்லை.