அத்தையின் முகத்தில் எழுதிய பரீட்சை

மூக்குகளின் மகாராணியும், என் அக்கா எந்த நேரத்திலோ பெற்றுப்போட்ட ஒரே மருமகளுமான உனக்கு,

உன் தாய்மாமன் அண்டம் கிடுகிடுக்கும் கோபத்தோடு எழுதுவது. நான் கல்லைத் தின்றாலும் செரிக்கும் நலத்தோடு இருக்கிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. போனில் திட்டினால் நீ குறுக்கே பேசுவாய். காகிதம் வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. ஏதோ பரிசு என்று உன் அத்தை ஓடிவந்து பிரித்தாள். உள்ளே நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம். பக்கத்துக்கு ஒரு பழுப்புப் பட்டை. பென்சிலால் அதைச் சுரண்டி, முகர்ந்து, ரோஜாவா, சோப்பா, பெட்ரோலா, வெங்காயமா என்று பக்கத்துக்குப் பக்கம் மாறும் நான்கு பெயர்களில் ஒன்றைக் கீழே குறிக்க வேண்டுமாம். ஒரு குளிர்பதனக் கிடங்கையே கட்டி மேய்க்கிற மேலாளருக்குப் பாலர் வகுப்புப் பாடம். நரம்பு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் உலகத்திலுள்ள நரம்பெல்லாம் உனக்குச் சொந்தமா?

போன தடவை இங்கே வந்து தங்கினாயே, அப்போது என்னை வேவு பார்த்திருக்கிறாய். நடக்கும்போது என் வலது கை ஆடவில்லையாம். நான் என்ன ராணுவ அணிவகுப்பா நடத்துகிறேன், கையை வீசி நடக்க? சட்டைப் பொத்தான் போட அரை யுகம் ஆகிறதாம். இப்போதெல்லாம் பொத்தான் துளையை எறும்பின் அளவுக்குத் தைக்கிறார்கள், அதற்கு நான் பொறுப்பா? என் கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகிறதாம். காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன், போ. இதில் எதையும் என் முகத்துக்கு நேரே சொல்லாமல், அடுப்படியில் உன் அத்தையின் காதில் பார்க்கின்சன் என்று ஊதிவிட்டுப் போனாயே, அதற்குப் பெயர் துரோகம். அன்று முதல் நான் டம்ளரைத் தூக்கினாலே அவள் வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

அதையும் பொறுத்திருப்பேன். புத்தகத்தோடு ஒரு கடிதம் வைத்தாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாசனை தெரியாமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், சளியாகக்கூட இருக்கும் என்று தேன் தடவி ஆரம்பித்தாய். ஆனால் இந்த நோயில் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மூக்கு போய்விடலாம், மீன் அழுகிய அந்த வாரமே மாமாவுக்குப் போயிருக்கலாம் என்று முடித்தாய்.

சரித்திரம் தெரியாதவளே, கேள். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் படுத்து, பூட்டிய கிடங்குக்குள் மலைமலையாக மீன் அழுகியது. நாற்றத்தில் வானத்தில் பறந்த காக்கை மயங்கி விழுந்தது. சுவரில் பெயின்ட் உரிந்தது. முதலாளி வாசலிலேயே காலைச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போனவன் நான் ஒருவன்தான். மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. விசில் அடித்துக்கொண்டே அள்ளிப்போட்டேன். அதற்காகத்தான் என்னை மேலாளர் ஆக்கினார்கள். இரும்பு மூக்கன் என்ற பட்டமும் அன்று கிடைத்ததுதான். போர்க்களத்தில் ஓடாமல் நின்றவனிடம் போய், உனக்குக் கால் விளங்கவில்லை, அதனால்தான் நின்றாய் என்று சொல்வாயா? அதைத்தான் நீ சொல்லியிருக்கிறாய்.

ஆகவே உன் வாயை அடைக்கப் பரீட்சை எழுதினேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எழுதச் சொல்லியிருந்தாய். அடைபட்டுக் கிடக்க நான் என்ன கைதியா? கூடத்து மேசையில், உன் அத்தையை எதிரே உட்காரவைத்து, ராஜசபை போல நடத்தினேன். நான் சுரண்டி முகர்வேன். பிறகு அவளிடம் நீட்டுவேன். அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறக்கவும் இல்லை. அதன் பிறகு குறிப்பேன். புத்தகம் இத்துடன் வருகிறது, திருத்திப் பார். முப்பதுக்குக் குறைந்தால் என் மீசையைச் சிரைத்துத் தபாலில் அனுப்புகிறேன். என் பெயரில் உன் டாக்டரிடம் வாங்கிவைத்த நேரத்தை இன்றே ரத்து செய்.

உன்னை மன்னிக்கும் உத்தேசம் துளியும் இல்லாத,
தாய்மாமன் இரும்பு மூக்கன்

* * *

மருமகளுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் தீரவில்லை. முப்பத்து மூன்று வந்திருக்கிறது, சந்தோஷம் மாமா என்று எழுதினாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே ஒரே ஒரு வரி: அத்தைக்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? கூடவே இன்னொரு புத்தகம். படித்த திமிர் என்பது இதுதான். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் எறிந்தேன்.

பிறகு கிடங்கில் ஒன்று நடந்தது. எங்கள் கிடங்கைக் குளிர வைப்பது அம்மோனியா வாயு. குழாய் கசிந்தால் அடிக்க வேண்டிய மணி பழுதாகிக் கிடந்தது. மணி இல்லாவிட்டால் மூக்குதான் மணி. பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன் வெளியே வந்து, அண்ணே, உள்ள நெடி அடிக்குது, கேஸ் கசியுது போல என்றான். நான் வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. இரும்பு மூக்குக்கே ஒண்ணும் தெரியல, உனக்கு மட்டும் என்னடா ராஜகுமாரி மூக்கு, போய் வேலையப் பாரு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் உள்ளே போனான். கூட இரண்டு பேரும் போனார்கள்.

கிடங்கு வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரை வழியாக அவன் திரும்பிப் பார்த்தான். மூக்கு இரண்டு பக்கமும் சுருங்கி, உதடு உள்ளே போய், கண் இடுங்கி ஒரு முகம். எனக்கு அந்த முகம் தெரியும். உன் புத்தகத்தின் பெட்ரோல் பக்கத்தை முகர்ந்தபோது உன் அத்தை போட்ட முகம். அது வாசனையின் முகம் என்று தெரிகிறது, வாசனை மட்டும் தெரியவில்லை. வெளிய வாங்கடா என்று கத்தினேன். அவர்கள் வந்த பிறகுதான் என் கண்ணே எரிய ஆரம்பித்தது.

மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. வண்டிக்காரன் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிவிட்டான், இருமல்தான் நிற்கவில்லை. பார்க்கப் போனேன். பரவால்லண்ணே, உங்களுக்கு என்ன தெரியும் என்றான். நீ என்னை எவ்வளவோ அவமானப்படுத்தியிருக்கிறாய். இந்த அளவுக்கு யாரும் என்னை அடித்ததில்லை. மணியைச் சரிபார்க்கும் வரை ஒருத்தனும் உள்ளே போகக் கூடாது என்று முதலாளியிடம் சண்டை போட்டு நிறுத்தினேன். பட்டத்தையும் கலைத்துவிட்டேன். இனி எவனாவது இரும்பு மூக்கன் என்று கூப்பிட்டால் சம்பளத்தில் கை வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: மேசையின் அகலம். அவ்வளவுதான் தூரம்.

எந்தப் பக்கமும் எனக்கு மணக்கவில்லை. காகிதத்தை முகர்ந்தால் காகிதம். அவள் கண் சொருகினால் ரோஜா. புருவம் ஏறினால் எலுமிச்சை. கை தன்னால் கண்ணைத் துடைக்கப் போனால் வெங்காயம். ஏமாற்ற வேண்டும் என்று செய்திருந்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும். நான் முகர்கிறேன் என்றே சத்தியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக அவள் மூக்கை இரவல் வாங்கி வாழ்கிறேனோ, தெரியவில்லை.

நேற்று பரணிலிருந்து புத்தகத்தை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கைதி போலவே உட்கார்ந்து எழுதினேன். இத்துடன் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் கால்வாசி சரியாகிவிடும் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்தக் கால்வாசியைத் தாண்டியிருந்தால் எனக்கே ஆச்சரியம். இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட மாட்டார்கள், டாக்டர் கை காலையும் நடையையும் பார்த்துத்தான் சொல்வார் என்றும் எழுதியிருக்கிறாய். என் கையும் நடையும் எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்கிற வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

ரத்து செய்யச் சொன்ன நேரத்தை நீ ரத்து செய்திருக்க மாட்டாய். சொன்ன பேச்சைக் கேட்கிற பிறவியா நீ? வருகிறேன். அத்தையும் வருகிறாள்.

ஒரு விஷயம். உங்க மூஞ்சில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, கோவமா, சிரிப்பா, நான் என்னன்னு எடுத்துக்கறது என்று உன் அத்தை கொஞ்ச நாளாகக் கேட்கிறாள். உன் அப்பன் வழுக்கையைப் பற்றி ஒரு கதை சொல்லிவிட்டு உள்ளுக்குள் விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பாஸ்போர்ட் போட்டோ. நான் அவள் முகத்தைப் படித்துப் பரீட்சையே எழுதிவிட்டேன். அவளுக்கு என் முகம் வெறும் பலகை.

டாக்டர் எதைச் சொன்னாலும், சொன்ன உடனே அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அங்கே அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் அன்றைக்கு உன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார். என் பக்கம் திரும்பித் திட்டு வாங்கிக்கொள். அவள் பக்கம் திரும்பி, மாமா பயப்படலை அத்தை என்று சொல். பொய்தான். சொல்.

உன் மூக்கு நூறு வயது வாழட்டும்.

மாமா