ஐந்து மணித் துடிப்பு

அன்புள்ள அக்கா,

இது கிண்டல் கடிதம் இல்லை. அம்மா ஒரு நாள் மாட்டியிருந்த இதயத்துடிப்புப் பெட்டியின் ரிப்போர்ட் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குத் துடிப்பு தாறுமாறாம். வெள்ளிக்கிழமை அப்பா அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்.

அந்த ஐந்து மணிக்கு அம்மா பிரதோஷத்தில் இருந்தாள். "ஒயரோட நந்தி முன்னாடி எப்படிடா நிக்கிறது?" என்று, கழற்றவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். விளையாட்டாக நான் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "இதுலயுமாடா விளையாட்டு?" என்று கை ஓங்கினார். அம்மா என்னைப் பார்க்காமலே, "நான் கழட்டவே இல்லீங்க" என்றாள்.

துடிப்பான பையன் என்று டீச்சர் சொன்னது பலித்துவிட்டது. சிரிக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. நான் எப்போது விளையாடவில்லை என்று உனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கு முன்னால் வந்துவிடு, அக்கா.

உன் குரங்கு