கோதுமை நிறுத்திய பிறகு

உமைமாவின் அத்தாவுக்கு ஸலாம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோவில் சொன்னபடி, நம் பிள்ளை உமைமாவுக்குப் பேச்சு வரட்டும் என்று கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டேன். பரோட்டா, பிஸ்கட், பன் எதுவும் இல்லை. டாக்டரம்மா, "ஆட்டிசத்துக்கும் கோதுமைக்கும் சம்பந்தம் இருக்குன்னு நிரூபணம் ஆகலைம்மா" என்றார். நான் உங்கள் பேச்சைத்தான் கேட்டேன்.

இளைத்திருக்கிறாள். மற்றபடி சுகம்.

இன்று ராயபுரத்தில் பேக்கரியைக் கடந்தபோது கடைக்காரர், "இன்னாம்மா, பாப்பா பன்னு கேக்காமலே போவுது?" என்றார். இத்தனை வயதில் அவள் வாயில் இருந்த ஒரே சொல் அதுதானே. மனசு கேட்காமல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றாள். "பன்னுன்னு சொல்லுடி கண்ணு" என்று தெருவிலேயே கெஞ்சினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி போனில் அவளைப் பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா