எத்தனை லிட்டர் வேண்டும்?

காரோடு,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் ரெஜிலாவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உனக்கு இருமல் நின்றதா? கவென்ட்ரியில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

போன மாதம் போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நெய்யாற்றின்கரைப் பையன் அஜேஷ் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான் என்பது ஒன்று. ஸ்லோ குக்கர் வாங்க வேண்டும், ஒன்றரை லிட்டர் போதுமா அம்மா என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் இரண்டாவதைக் கேட்டுவிட்டாய். நானும் குக்கரைப் பற்றியே எதையெதையோ பேசிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இரண்டுக்குமே பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீ ஒருமுறை மூக்கை உறிஞ்சினால் எனக்குப் பாதி மறந்துபோகும்.

முதலில் குக்கர். நானே போட்டுப் பார்க்காத கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே களியக்காவிளையில் ஒரு கடையில் சொல்லி மூன்றரை லிட்டர் குக்கர் ஒன்றை வரவழைத்தேன். கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. “எல்லாரும் சீக்கிரம் வேவுத சாமானம் கேட்டு வாறாங்க. டீச்சரு மட்டும் பைய வேவுதது கேக்கிய!” என்றார்.

உள்ளே கனமான பீங்கான் சட்டி, அதைச் சுற்றிச் சூடேறும் கூடு, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான் கருவி. ஆனால் அதன் குணத்தை என்னவென்று சொல்ல! பிரஷர் குக்கர் பரீட்சைக்கு முந்தின நாள் நடத்தும் ஸ்பெஷல் கிளாஸ் போன்றது. விசிலடித்து, அதட்டி, எப்படியோ தேற்றிவிடும். இது ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஓர் எழுத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் குரலை உயர்த்தாது. முரட்டுப் பிள்ளைகள்தான் இதனிடம் நன்றாக வரும். இறைச்சியிலும் அப்படியே. கொழுப்பில்லாத மெல்லிய துண்டு வறண்டுபோகும். எலும்பும் நாருமாக யாரும் வாங்காத கால் பகுதியைப் போட்டுப் பார், கரண்டி பட்டாலே பிரியும்.

முதல் நாள் மாட்டிறைச்சி வைத்தேன். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் சூடு வெளியே போகும், அதைத் திரும்பப் பிடிக்க அரைமணி நேரம்வரை ஆகும் என்று பொறுமையாகச் சொன்னேன். “வெந்துதா இல்லியான்னு பாக்காம எப்பிடி அறியது? கறியாக்கும், கோழிமுட்டை அடை வைச்சதா?” என்று என்னிடமே கேட்டார். மதியம் சாப்பாட்டுக்கு முட்டைதான் பொரித்தேன். மறுநாள் அடுக்களைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றைக்குக் கறி அப்படி ஒரு கறி. மனுஷன் சட்டியைச் சோறு போட்டுத் துடைத்துத் தின்றுவிட்டு, நேற்று இதே கடையில்தான் இறைச்சி வாங்கினாயா என்று கேட்கிறார்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஆவி வெளியே போகாததால் வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதி போதும். கிழங்கு அடியில், இறைச்சி மேலே. தேங்காய்ப்பால் கடைசியில்தான், முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். உங்கள் ஊரில் கிடைக்கும் சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு பாத்திரத்தில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே இதில் போடு. இந்த இளஞ்சூட்டில் அதன் நஞ்சு போகாது. இதை மட்டும் மறக்காதே. சட்டி தனியாகக் கழற்றி எடுக்கிற மாதிரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவுவது பெரும்பாடு. மின்சாரமும் இஸ்திரிப் பெட்டி இழுப்பதில் சிறு பங்குதான்.

டைமர் இல்லாததை உனக்கு வாங்கவே கூடாது. எங்களுக்கு அது தேவையில்லை, நாங்கள் இரண்டுபேரும் வீட்டில்தான் கிடக்கிறோம். நீ விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவள். வெந்ததும் தானாக இளஞ்சூட்டுக்கு மாறிக் காத்திருக்கிற குக்கர்தான் உனக்குச் சரி. இப்போது நீ ராத்திரி ரொட்டியும் வாழைப்பழமும் தின்று படுக்கிறாய். நீ சொல்லவில்லை, வீடியோவில் உன் பின்னால் தெரிந்த மேசை சொன்னது. நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வருகிறவளுக்குக் கதவைத் திறக்கும்போதே கறி மணக்க வேண்டாமா?

இனி அளவு. சட்டி பாதிக்காவது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஓரம் தீய்ந்துவிடும். முக்கால் அளவைத் தாண்டினால் நடுவில் வேகாது. ஆகவே, எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாகவும் வாங்க முடியாது, சிக்கனமென்று சிறிதாகவும் வாங்க முடியாது. வீட்டில் எத்தனைபேர் சாப்பிடுவார்கள் என்பதை உண்மையாகச் சொன்னால்தான் அளவு சொல்ல முடியும். நீ ஒன்றரை லிட்டர் என்றாய். அது ஒற்றை ஆளுக்கு. என்னிடம் கேட்கும்போது ஒற்றை ஆளாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தாயா மகளே?

ஜிபின் போய் நாலு வருடம் ஆகிறது. நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அவனோடு வாழ்ந்தது இரண்டே வருடம், அதிலும் கடைசி ஆறு மாதம் அவன் கட்டிலில். தாளிக்கிற வாசனை பட்டாலே அவனுக்குக் குமட்டும் என்று, நீ பக்கத்து வீட்டு அடுக்களையில் சமைத்து, மூடி எடுத்துவந்து, ஆறவைத்து ஊட்டினாய். அவன் துப்பினால் முகம் சுளிக்காமல் அடுத்த கரண்டி எடுப்பாய். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்தவள் நான். அது எப்படி இருக்கும் என்று நீதான் எனக்குக் காட்டினாய். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆகவே, மூன்றரை லிட்டர் வாங்கு. உனக்கும் அஜேஷுக்கும் அது சரி. குடும்பம் பெருகினால் அப்போது ஆறு லிட்டர் பார்த்துக்கொள்ளலாம்.

அவனுடைய அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை என்று சொன்னாய் அல்லவா? போன சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. வெறுங்கையோடு போக முடியுமா? குக்கரில் பால்பாயசம் வைத்தேன். பாலும் உணக்கலரிசியும் சர்க்கரையும் போட்டு மூடினேன், அவ்வளவுதான். கிண்டவில்லை, அடிபிடிக்கவில்லை, மதியம் தாண்டிப் பார்த்தால் பால் வற்றி ரோஜா நிறம். சட்டியோடு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு ஆட்டோவில் போனேன். அவர் உள்ளே வரமாட்டேன் என்று சந்திப்பில் டீக்கடையில் இறங்கிவிட்டார்.

ஸ்ரீகுமாரி நல்ல மனுஷி. நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். சாதி, மதம் என்று ஏதாவது வரும் என்று நான் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வந்ததோ வேறு. “டீச்சரே, எனக்கு அந்தப் பிள்ளைட்ட ஒரு குறையும் இல்ல. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிட கண்ணீரு எம் மகன்மேல விழப்பிடாது. அது மட்டுமாக்கும் எனக்குப் பயம். நெஞ்சில கைவச்சுச் சொல்லுங்க, உங்களுக்கு வருத்தம் இல்லியா?” என்று கேட்டாள்.

வருத்தம் உண்டு என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. அது எனக்கும் தெய்வத்துக்கும் நடுவில் உள்ளது, அதில் ரெஜிலாவுக்கு ஒரு பங்கும் இல்லை, அவள் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றேன். ஸ்ரீகுமாரி எழுந்துபோய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். இரண்டுபேரும் பாயசம் குடித்தோம். அவள் மறுபடியும் ஊற்றிக்கொண்டாள். இந்த நிறம் எப்படி வந்தது என்று கேட்டாள், சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், “இதைக் குடிச்சிட்டு மாட்டேன்னு சொல்ல எனக்கு நாக்கு வருமா? ராத்திரி அவனைப் போனில விளிச்சுச் சொல்லுதேன்” என்றாள். இதற்குள் அஜேஷ் உன்னிடம் சொல்லியிருப்பான்.

புறப்படும்போது சட்டியைக் கேட்டேன். தரமாட்டாளாம். பிள்ளைகள் ஊருக்கு வரும்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து அங்கே வந்து சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இப்போது எங்கள் அடுக்களையில் மூடியும் கூடும் மட்டும் இருக்கின்றன. ஆட்டோவில் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “சட்டி கிடக்கட்டு. பிள்ள வரும்லா” என்றார். 

சபையில் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்லித்தானே இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

கல்யாணம் எந்த முறையில் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். எங்கே நடந்தாலும் உன் பக்கத்தில் நிற்க நாங்கள் வருவோம். உன் நகை இரண்டும் ஜிபினின் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவை உனக்குக் கொடுத்தவை, உன்னுடையவைதான்.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்குமாம், ஸ்ரீகுமாரி சொன்னாள். இத்தனை நாள் போல இனியும் அன்றைக்கு என்னை அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதே. வேறு எந்த நாளானாலும் சரி, ஐந்து நிமிடம் போதும். வேலைக்குப் போகும் வழியில் என்றாலும் போதும். போன் எப்போதும் என் பக்கத்தில்தான் இருக்கும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக.

என்றும் உன்
அம்மா,
ஆனந்தபாய்.