சாட்சிக் கூட்டில் சொல்லாத பெயர்

உருத்திரபுரம்,
18.2.1962

அருந்ததியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். பதுளைக் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஒத்துவராது. சுருட்டுக் கடையைப் பூட்டியதும் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொள்ளுங்கள். இது என் ஐந்தாவது கடிதம். நாலுக்கும் பதில் இல்லை. தபால்காரரைக் குறை சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

காலபோக அறுப்பு முடிந்தது. சூடு அடித்து நெல்லைப் பிரிக்க உங்கள் தம்பி ஐயாத்துரை வந்து நின்றார்.

பளை நடராசா வாத்தியாரின் மகன் யோகநாதனுக்கு அருந்ததியைக் கேட்டிருப்பதை முன்பே எழுதினேன். வைகாசியில் நாள் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சீதனமாக வந்த பளைத் தென்னங்காணியை அவள் பெயருக்கு உறுதி முடித்த பிறகுதான் தாலி என்று வாத்தியார் ஒரே பிடி. என் காணிதானே என்று உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். தேசவழமைப்படி, கலியாணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடப் புருஷனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாதாம்.

அதனால் கோட்டுக்குப் போய் வழக்கு வைத்தேன். நாங்கள் வன்னியில் குடியேறிப் பன்னிரண்டு வருடம், இங்கே யாழ்ப்பாணத்து வழமை எதற்கு என்று பிரக்கிராசியார் மயில்வாகனம் எனக்காக வாதாடினார். நீதிபதி பழைய தீர்ப்புப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, அந்த வழமை ஊரோடு நின்றுவிடாது, ஆளோடு கூடவே வரும் என்றாராம். எல்லாம் இங்கிலீசில். வெளியில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

கோட்டு வாங்கில் என் பக்கத்தில் இருந்தவர் தண்ணீரூற்றைச் சேர்ந்த ஜொஹறா என்ற முஸ்லிம் பெண், எல்லை வழக்குக்காக வந்திருந்தார். போன வருடம் தன் காணியொன்றைத் தானே கையொப்பம் வைத்து விற்றாராம். "எங்கட சட்டம் வேற, தங்கச்சி. மனுசன் குடையோட வெளியில நிண்டவர்" என்று சிரித்தார். ஒரே கோடு, ஒரே நீதிபதி, ஆளுக்கொரு சட்டம். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஒரு வழி இருக்கிறது. புருஷன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது மனைவியைக் கைவிட்டிருந்தால், அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிபதியே உத்தரவு தரலாம். நாலு கடிதம் போட்டவள், இடம் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? அதனால் பிரக்கிராசியார் மனுவில் 'கைவிட்டவர்' என்று எழுதினார்.

சாட்சிக் கூட்டில் ஏற்றி முதலில் கேட்டதே உங்கள் பெயரைத்தான். தலையைக் குனிந்தேன். மொழிபெயர்க்கும் முதலியார் மூன்று தரம் கேட்டார். வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் சொல்லாத பெயர். கடித உறையில்கூட அருந்ததிதான் எழுதுகிறாள். முதலியாரோ, இவளுக்குப் புருஷனின் பெயரே தெரியாது என்று நீதிபதிக்குச் சொல்லிவிட்டார். கோடே சிரித்தது. வெட்கத்தில் செத்துப்போனேன். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. பங்குனி பதினாறுக்குத் தவணை போட்டார். அன்றைக்குப் பெயரையும் சொல்லி, கைவிட்டதையும் என் வாயாலேயே சொன்னால்தான் உத்தரவு.

ஐயாத்துரை மார்கழியில் பதுளைக்கு வந்தபோது நீங்கள் கடையில் இல்லையாம். பின்வளவுக் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்ததாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. களைத்துவிட்டேன்.

சம்மதக் கடதாசி இதற்குள் இருக்கிறது. பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையொப்பமும், கீழே இரண்டு சாட்சியும் வேண்டும். அது வந்துவிட்டால் நான் திரும்பச் சாட்சிக் கூட்டில் ஏறத் தேவையில்லை. கலியாணத்துக்கு வர வசதிப்படாவிட்டால் தாரைவார்க்க ஐயாத்துரை நிற்பார். பிள்ளையிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

கையொப்பத்தை மட்டும் போட்டு அனுப்புங்கோ. உங்கட பெயரை நான் முதன்முதலாச் சொல்லுறது அந்தச் சொல்லோட சேத்தா இருக்கவேணும்? அப்பிடிச் சொல்ல வையாதேங்கோ.

எங்கிருந்தாலும் உருத்திரபுரத்துச் சிவன் உங்களைக் காக்கட்டும்.

பங்குனி பதினாறுவரை வாய் திறவாதிருக்கும்,
அன்னபாக்கியம்