அப்பாவின் நோய்க்கு வேறு பெயர்

சரவணம்பட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுரேந்தர் அண்ணனுக்கு,

மெல்போர்னில் நீங்களும் அண்ணியும் லாஸ்யாவும் சுகமா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன். அப்பாவுக்கு இருப்பது டி.பி. இல்லை!

போன மாதம் ஆபீசில் மெடிக்கல் கோடிங் செய்ய, அதாவது நோய்க்கு உரிய எண்ணைப் போட, ஒரு அமெரிக்க நோயாளியின் கோப்பு வந்தது. யாரென்று சொல்லக் கூடாது. டி.பி. மருந்துக்குத் தேறாத நெஞ்சு, வருடக்கணக்கில் ஸ்டீராய்டு, தோட்ட வேலை. கடைசிப் பக்கத்தில் நோகார்டியோசிஸ் என்று எழுதியிருந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாவால் அரிதாக வருவதாம். நுரையீரலில் என்றால் ஏ43.0, தோலில் என்றால் ஏ43.1. எண்ணைப் போட்டேன், அடுத்த கோப்பைத் திறக்க முடியவில்லை. வீசிங்குக்கு நான்கு வருடமாக ஸ்டீராய்டு, மஞ்சள் பயிரிடும் காட்டுப் புழுதி, ஐந்து மாத மருந்திலும் ஏறாத எடை. எல்லாம் நம் அப்பா!

டாக்டர் எழுதாத நோயைக் கோடிங் செய்யும் நாங்கள் ஊகிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். கேள்வியிலேயே பதிலைச் சுட்டிக்காட்டக் கூடாது. பழக்கதோஷம், கோபியில் அப்பாவைப் பார்க்கும் டாக்டர் சசிதருக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்: இத்தனை மாத மருந்து, இவ்வளவு எடை, வேறு காரணம் உண்டா எனத் தெளிவுபடுத்தவும். படித்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்க அம்மணி, மனசுல ஒரு பேர வெச்சுட்டு எனக்குப் பரீட்சை வெக்கறீங்களா? சொல்லிப்போடுங்க” என்றார். சொன்னேன். சிரிப்பு நின்றது. சளியை மறுபடி எடுத்து, பல நாள் வளரவிட்டுப் பார்க்கச் சொல்லி லேபுக்கு அனுப்பினார்.

நேற்று முடிவு வந்தது. அதேதான்! மருந்தை மாற்றியாயிற்று. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஆனால் தேறிவிடுவார் என்கிறார்.

அண்ணா, இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. பொங்கலுக்குக் குழந்தையைக் கூட்டிவர அண்ணி பயந்ததில் தப்பில்லை. அப்பா தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கிணற்று மோட்டார் ரூமுக்குக் குடிபோனபோது நாங்களும் தடுக்கவில்லையே. நேற்று அம்மா அவர் கட்டிலை வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். அவரோ வாசற்படி தாண்டவில்லை. “இன்னொருக்கா டாக்டரக் கேட்டுப்போடு கண்ணு. பேத்தி மேல இந்த அப்பாரோட மூச்சு பட்டா ஒண்ணும் ஆகாதாமா?” என்றார்.

கேட்டுவிட்டேன், இரண்டு முறை. கையெழுத்தோடு எழுதியும் வாங்கிவிட்டேன். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே வந்து படுத்தார். நகல் இத்துடன் இருக்கிறது. அண்ணியிடம் காட்டுங்கள்.

லாஸ்யா நோய்நொடி இல்லாமல் வளரட்டும். கொஞ்ச நாள் அவள் அப்பாரு மடியிலும் வளரட்டும், அண்ணா.

உங்கள் தங்கை,
புவனா